முருங்கைப்பூவில் ஓடிய கார்

மூலனூருக்குத் தெற்கே, முருங்கையைத் தவிர வேறெந்தப் பயிரையும் மண் மதிக்காத செம்மண் காட்டில், வேலாங்காட்டுப்புதூர் என்றொரு ஊர் இருக்கிறது. என்ஜினே இல்லாத சிவப்புக் கார் ஒன்று பூவைக் குடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது அந்த ஊரில்தான். அந்தக் கதையைக் கேட்க வருகிறவர்களுக்கு அங்கே டீக்கடையில் முதல் டீ இனாம், இரண்டாவதிலிருந்துதான் காசு. கதை ஒரு டீயில் முடியாது என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

காருக்குச் சொந்தக்காரி மிருதுளா. சென்னியப்பன், ராஜாமணி தம்பதிக்கு ஒரே மகள். பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் தாராபுரத்தில் ஒரு நூற்பாலையில் மெஷின் பராமரிப்பு பார்த்தாள். அந்த வயசுப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்போது ஒரு பித்துப் பிடித்திருந்தது. அப்பன்மார்கள் வீட்டு வாசல் கொள்ளாத வெள்ளைக் கார்களை வாங்கிச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளைகளோ தாங்கள் பிறப்பதற்கு முப்பது நாற்பது வருஷம் முன்பே செய்து, ஓட்டி, பழசாகி, எங்கோ மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் ரேஸ் கார்களுக்காக, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரைக்குப் பதில் துணி போட்ட, நீள மூக்குக் கார்களுக்காக, சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார்கள். போனில் என்ஜின் சத்தத்தை மட்டும் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, எந்த நாட்டுக் கார், எந்த வருஷம், எத்தனை சிலிண்டர் என்று சொல்வார்கள். தப்பாகச் சொன்னவர் அன்றைக்கு எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும்.

"அந்தக் காலத்துக் காருல என்ன சாமி இருக்குது? ஏசி இல்லை, மழை பேஞ்சா நனையோணும்," என்று சென்னியப்பன் ஒருநாள் மகளிடம் கேட்டார்.

"இப்ப வர்ற காரு எல்லாத்தையும் அதுவே பாத்துக்குதுங்ப்பா. நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அந்தக் காருக்கு ஆளு வேணும்," என்றாள் மிருதுளா.

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தார். மாட்டுக்கும் அப்படித்தான் ஆள் வேண்டும் என்பதால் அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

மிருதுளாவின் பித்துக்கு ஓர் ஆரம்பம் உண்டு. ஆறாம் வகுப்பில் அவள் ஊட்டிக்குச் சுற்றுலா போன பஸ், மேட்டுப்பாளையம் தாண்டி மலையடிவாரத்தில் ஓரம் ஒதுங்கி நின்றபோது, மேற்குமலைப் பழங்கார்ச் சங்கத்தின் வருஷாந்திர மலையேற்றம் அந்தப் பக்கம் போயிற்று. பச்சை, நீலம், வெண்ணெய் நிறம், கத்தரிப்பூ நிறம் என்று கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் உறுமிக்கொண்டு, வளைவில் ஏறி மேகத்துக்குள் நுழைந்தன. கடைசிக் காரை ஓட்டியவள் ஒரு பெண். தலையில் துணி கட்டியிருந்தாள். பஸ் ஜன்னலைப் பார்த்து ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, மறுகையால் காரை வளைவில் திருப்பிப் போய்விட்டாள். அவ்வளவுதான். அந்த வரிசையில், தன்னுடைய காரில், தானும் ஒருநாள் அந்த மலை ஏற வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து மிருதுளாவின் ஒரே ஆசை. ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூட அது தெரியும்.

சிவப்புக் கார் வந்தது லாரியில். மூடிப்போன ஒரு மில்லின் முதலாளி பங்களாவில் கோழி அடையக் கிடந்ததை, காயலான் கடைக்குப் போவதற்கு முதல்நாள், மிருதுளாவும் அவளோடு பாலிடெக்னிக்கில் படித்த தஸ்தகீரும் போய் மீட்டுக்கொண்டு வந்தார்கள். தஸ்தகீருக்கு மூலனூரில் ஒர்க்‌ஷாப். அவனுக்கும் அதே பித்து, இன்னும் கொஞ்சம் முற்றியது. இருவரும் லீவு நாளெல்லாம் துரு சுரண்டி, தகடு தட்டி, சாயம் ஏற்றி, கடைசியில் ஊர்ப்பிள்ளைகள் முகம் பார்த்துத் தலைவாரும் அளவுக்குக் கார் பளபளத்தது. பானட்டைத் திறந்தால் மட்டும் உள்ளே ஒன்றுமில்லை. என்ஜினை எந்தக் காலத்திலோ கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம்.

"மாடில்லாத வண்டி வாங்கிட்டு வந்துருக்கறா என்ற மவ," என்று ராஜாமணி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பெற்றவளே சொன்ன பிறகு ஊர் சும்மா இருக்குமா, அதுவும் சொன்னது.

வேறு என்ஜின் வாங்கிப் போட்டால் ஆகாதா? அங்கேதான் சிக்கல். பழைய கார்ப் பிரியர்களுக்கென்று ஒரு வேதம் உண்டு. காரைச் செய்த கம்பெனி, சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்திலும் என்ஜினிலும் ஒரே நம்பரை அடித்து அனுப்பியது. அந்த இரண்டு நம்பரும் இன்றைக்கும் சேர்ந்திருக்க வேண்டும். நம்பர் சேர்ந்த காருக்குத்தான் சங்கத்தின் வரிசையில் இடம். சேராத கார் எவ்வளவு அழகாக இருந்தாலும், ரோட்டோரம் நின்று கை தட்டலாம். மிருதுளாவும் இந்த வேதத்தைக் கரைத்துக் குடித்தவள்தான். அடுத்தவர் காரில் நம்பர் சேரவில்லை என்றால் உதட்டைப் பிதுக்குகிறவள். ஆகவே அவள் காரை மாடு கட்டும் சாளையில், எருமைக்குப் பக்கத்தில் நிறுத்தி, தினமும் காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் அதில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து, சாவியை ஒருமுறை திருகிவிட்டுப் போவாள். கோயிலில் சாமி எழுந்து வராது என்று தெரிந்தும் தினமும் மணி அடிக்கிறோம் இல்லையா.

அந்த மாசியில் ரோட்டை அகலப்படுத்த இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களை வெட்டினார்கள். மரப்பொந்துகளில் குடியிருந்த அடுக்குத் தேனீக்கள் வீடிழந்து, ஒரு பகல் முழுக்க ஊருக்கு மேலே சுற்றிச் சுற்றி, யார் வீட்டையும் எடுத்துக்கொள்ளாமல், சென்னியப்பன் சாளைக்குள் இறங்கி, சிவப்புக் காரின் முன்பக்கக் கம்பி இடுக்கு வழியே, ஒன்றன்பின் ஒன்றாக, தள்ளுமுள்ளு இல்லாமல், பானட்டுக்குள் குடிபோயின.

தஸ்தகீர் புகை போட்டு விரட்டலாம் என்றான். சென்னியப்பன் விடவில்லை.

"ஊடு தேடி வந்த தேனீ ஒறம்பரையாட்டம் தம்பி. தொரத்தக் கூடாது. பானட்டையும் சும்மா சும்மாத் தொறந்து பாக்கக் கூடாது. ஒறம்பரை தூங்கற ரூமை எட்டிப் பாப்பாங்களா?"

விருந்தாளியை ஒறம்பரை என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. ஒறம்பரையை மதிக்காத வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். ஆகவே பானட் மூடியே கிடந்தது. மிருதுளாவுக்கு மனசுக்குள் எரிச்சல்தான், இருந்தாலும் அப்பா பேச்சை மீறவில்லை.

பங்குனி பிறந்தது. முருங்கை பூத்துக் காடே வெளுத்து நின்ற ஒரு காலையில், வெயில் கொஞ்சம் ஏறியபின், மிருதுளா வழக்கம்போல ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். பானட்டுக்குள் முதலில் ஒரே ஒரு தேனீ முனகியது. பிறகு அதன் பக்கத்திலிருந்தது. பிறகு அத்தனையும் ஒரே சுருதியில் சேர்ந்துகொள்ள, ஸ்டீயரிங் அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது, கதவு அதிர்ந்தது, சாளைக் கூரையில் செருகியிருந்த அரிவாள் அதிர்ந்து கீழே விழுந்தது, எருமை எழுந்து நின்றது. மிருதுளா கியரைப் போட்டாள். கார் சாளையை விட்டு இறங்கி, குப்பைமேட்டைச் சுற்றி, இரண்டு பக்கமும் கிளுவைவேலி போட்ட இட்டேரித் தடத்தில் புழுதி கிளப்பாமல் போய், மாரியம்மன் கோயில் முன்னால் திரும்பி, பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள்.

"காரு ஓடுதாட்டம் இருக்குது," என்றார் ஒரு பெரியவர்.

"ஆமாங்," என்றாள் மிருதுளா.

"அப்ப என்னைய மூலனூர்ல எறக்கி உட்ரு அம்மிணி. பஸ்ஸு வர்றாப்ல தெரியலை," என்று அவர் ஏறிக்கொண்டார்.

தேனீ எப்படிச் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. பெட்ரோல் எப்படிச் சுற்றுகிறது என்று மட்டும் யாருக்குத் தெரியும்? ஊர் கேட்டதெல்லாம் உருப்படியான கேள்விகள்: என்ன தீனி, எவ்வளவு தூரம் போகும், மழைக்கு என்ன செய்யும். பதில்களை ஓட்டி ஓட்டித்தான் கண்டுபிடித்தார்கள். பொழுது ஏறினால்தான் கார் கிளம்பும்; அந்தி சாய்ந்தால் எங்கே நிற்கிறதோ அங்கேயே படுக்கை. மழையில் நகராது. முருங்கைப்பூவில் நிதானமாக ஓடும், வேப்பம்பூவில் வேகம் எடுக்கும், புளியம்பூ குடித்துவிட்டு மேடேறினால் லேசாக இருமும். கல்யாண மண்டபத்துப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது. வாசலில் மாலைக்காரர் கூடையை இறக்கிவிட்டால் அப்புறம் பொண்ணு மாப்பிள்ளை கிளம்பினாலும் கார் கிளம்பாது. புகைச் சோதனை நிலையத்தில் பின்குழாயில் கருவியைச் செருகிப் பார்த்தவர், கருவி ஒன்றும் காட்டாமல் போகவே, குனிந்து மோந்து பார்த்து, "தேன் வாசமுங்க," என்று சொல்லிச் சான்று கொடுத்தார்.

அதைவிடப் பெரிய சேதி ஆடியில் தெரிந்தது. கார் உள்ளே போய்வந்த தோட்டங்களில் முருங்கைக் காய்ப்பு, மரம் தாங்காமல் கிளைக்கு முட்டுக்கொடுக்கும் அளவுக்கு ஏறியிருந்தது. பிறகு கேட்க வேண்டுமா. ஞாயிற்றுக்கிழமை கார் யார் தோட்டத்துக்கு என்று முறை வைத்தார்கள், கோயில் தேரில் யார் கை முதலில் வைப்பது என்று முறை வைக்கிற அதே சண்டையோடு. பூச்சிமருந்து அடிப்பதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். முருங்கை ஓய்கிற மாதங்களுக்கென்று வரப்போரம் சூரியகாந்தியும் தும்பையும் நட்டார்கள். வருஷக்கணக்காகப் பேச்சில்லாத பங்காளிகள்கூட, "நாளைக்கு உங்களுக்கா எங்களுக்கா," என்று கேட்பதற்காக வேலி தாண்டி வந்தார்கள். ராஜாமணி, "மாடில்லாத வண்டி" என்பதை விட்டுவிட்டு, "எங்கூட்டுக் காரு" என்று சொல்லப் பழகினாள்.

பிறகு பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கோவையிலிருந்து, ஈரோட்டிலிருந்து, மதுரையிலிருந்து, பித்துப் பிடித்த பிள்ளைகளெல்லாம் பைக்கிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கி, இட்டேரியில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். கார் அவர்களைக் கடக்கும்போது அந்தச் சத்தம் முதலில் காதுக்கு வராது, நெஞ்செலும்புக்கு வரும். வந்து அங்கே கொஞ்ச நேரம் தங்கிவிட்டுத்தான் காதுக்கு ஏறும். ஏறும்போது காடு, வெயில், பூ, புழுதி எல்லாம் ஒரே மூச்சு விடுவதுபோல் இருக்கும். எத்தனை சிலிண்டர் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. உலகத்து என்ஜின்களையெல்லாம் சத்தத்திலேயே அடையாளம் சொல்கிற ஒரு மதுரைப் பெண்ணுக்கு, கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. "எந்த வருஷத்துக் காருன்னு எனக்குச் சொல்லத் தெரியலைக்கா," என்று மிருதுளாவிடம் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் அபினவும் வந்தார். கோவை மில் குடும்பத்துப் பையன், மிருதுளாவைவிட இரண்டு மூன்று வயசு கூட இருக்கும். மேற்குமலைப் பழங்கார்ச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வெளிர்நீலக் கார் ஒன்று வைத்திருந்தார், அதன் ஒவ்வொரு திருகாணிக்கும் பிறந்த ஊர் சொல்வார். சிவப்புக் காரின் சத்தத்தைக் கேட்டதும் அவர் முழங்கையில் மயிர் எழுந்து நின்றதை மிருதுளா பார்த்தாள்.

"அற்புதமுங்க," என்றார் அபினவ். பிறகு, சொல்ல மனசில்லாமல், "ஆனா... நம்பருங்க?" என்றார்.

மிருதுளாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவளே நூறு பேரிடம் கேட்ட கேள்வி அது.

அபினவ் நல்லவர். போனவர் சும்மா இருக்கவில்லை, அந்த என்ஜினைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். அது காங்கேயம் பக்கத்தில் ஒரு கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. மில் முதலாளி கழற்றிப் போட்டதை ஒரு குடியானவர் கேட்டு வாங்கி, பம்புசெட்டாக மாற்றி, அந்தக் காலத்திலிருந்து தென்னைக்குப் பாய்ச்சிவந்தார். கார் என்ஜினைக் கிணற்றுக்குப் பூட்டுவது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். மிருதுளா போய்ப் பார்த்தாள். கரி படிந்த இரும்பைச் சேலைத்துணியால் துடைத்தபோது, சேஸிஸில் இருக்கும் அதே நம்பர் மேலே வந்தது.

"எடுத்துக்குங்க அம்மிணி. நான் கரண்டு மோட்டாரு போட்டுக்கறேன். உங்க பொருளு உங்ககிட்ட சேரட்டும்," என்றார் குடியானவர்.

அபினவ் அதை வேனில் ஏற்றிவந்து சாளையில், காருக்குப் பக்கத்தில், ஒரு பழைய டயரின் மேல் இறக்கி வைத்தார். "பங்குனிக் கடைசி ஞாயிறு மலையேத்தமுங்க. தேனீயை மட்டும் வேற எடத்துக்கு மாத்திட்டு இதை ஏத்திருங்க. நம்பர் சேர்ந்த காரு, முதல் வரிசையிலயே உங்களுக்கு எடம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மனசில் கள்ளம் ஒன்றும் இல்லை.

ஊர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஆசை அவர்களுக்குத் தெரியும். ஆட்டுக்குட்டிக்கே தெரியும் என்று முன்னமே சொன்னேனே. தேனீ போனால் காய்ப்புப் போகும் என்பதும் தெரியும். அதனால் ஒவ்வொருவராகச் சாளைப் பக்கம் வந்தார்கள். ஒரு கூடை முருங்கைப்பூவைக் காரின் முன்னால் வைத்தார்கள். டயர்மேல் உட்கார்ந்திருந்த என்ஜினை ஒருமுறை பார்த்தார்கள். "வரட்டுங்களா," என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சண்டை போட்டிருந்தால்கூட மிருதுளாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க என்னப்பா சொல்றீங்?" என்று அவள் கேட்டாள்.

"உன்ற காரு. உன்ற ஆசை. நான் என்னத்தைச் சொல்லட்டும்," என்றார் சென்னியப்பன். எருமைக்குத் தண்ணி காட்டப் போனவர், எருமை ஏற்கெனவே குடித்திருந்தது தெரிந்தும் காட்டினார்.

மலையேற்றத்துக்கு முந்தின வாரம், தஸ்தகீர் ஒரு சட்டியில் தேங்காய் மட்டையைப் புகையவிட்டுக்கொண்டு நின்றான். தோட்டத்து மூலையில் தேனீக்களுக்கென்று பானை கவிழ்த்து வைத்தாகிவிட்டது. மிருதுளா பானட்டின் கொக்கியில் விரல் வைத்தாள். அவளுக்கும் அந்த மலைக்கும் நடுவில் ஒரு கொக்கிதான். தூக்கினால் வளைவு, மேகம், வரிசை, அந்த உயர்ந்த கை, எல்லாம் அவளுடையது. மறு கையைப் பானட்டின் மேல் வைத்தாள். தகடு வெதுவெதுவென்று இருந்தது, காய்ச்சல் இறங்கின குழந்தையின் நெற்றிபோல. சாவி போடவில்லை, இருந்தும் உள்ளே அவை முனகின. அவள் கை வைத்த இடத்துக்கு நேரே கொஞ்சம் கூடவே முனகின. அந்த அதிர்வு விரலிலிருந்து முழங்கைக்கும் முழங்கையிலிருந்து தோளுக்கும் ஏறியது. மிருதுளா வாய்விட்டு அழுதாள்.

"என்னால ஆகாதுடா."

"நல்லா ரோசனை பண்ணிக்க மிருது. சின்னதுல இருந்து வெச்ச ஆசை."

"எனக்குத் தெரியாதா? சட்டியைக் கொண்டுபோய் வெளிய வையி. கண்ணு எரியுது."

என்ஜின் திரும்பவும் கிணற்றடிக்குப் போயிற்று. குடியானவர் மோட்டார் வாங்கியிருக்கவில்லை. "எனக்கென்னமோ அது வரும்னு தோணுச்சுங்க," என்றார். பூட்டியதும் முதல் இழுப்பிலேயே தண்ணீர் கொட்டியது. அபினவுக்கு மிருதுளா போனில் சொன்னாள். "முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே," என்றார் அவர், தன்னையே நொந்துகொண்டு.

பெரிய மனசு பண்ணினவர்களுக்கு அதற்குப் பிறகு வருத்தமே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிருதுளாவுக்கு இருந்தது. சோறு பிடிக்கவில்லை, வேலையில் மனசு நிற்கவில்லை, எருமைமேல் எரிந்து விழுந்தாள். மூன்றாம் நாள் தஸ்தகீர் வந்து, "கெளம்பு," என்றான்.

"எங்கே? திருப்பி அனுப்பிருவாங்க."

"அனுப்புனாத் திரும்பி வந்துக்கலாம். போகாமயே இருந்தா எங்கிருந்து திரும்பறது?"

சனிக்கிழமை பொழுது ஏறியதும் கிளம்பினார்கள். ஊரே பூக்கூடை கட்டி, பின்பக்கம் இடமில்லாமல் தஸ்தகீரின் மடியிலும் ஒன்று வைத்தது. ராஜாமணி புளிச்சோறு கொடுத்தாள். சென்னியப்பன் காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, மகளிடம் சொன்னார்: "அவிய முறைக்கு பானட்டைத் தொறந்துதான் பாக்கோணும்னா பாக்கட்டும் சாமி. மெதுவாத் தொறக்கச் சொல்லு."

மேட்டுப்பாளையத்தில், பாக்குத்தோப்பு ஓரம், ஞாயிறு காலையில் கார்கள் வரிசையாக நின்றன. அதே பச்சை, அதே வெண்ணெய் நிறம். ஓட்டுகிறவர்கள் மட்டும் இப்போது எல்லாரும் அவள் வயசு. பச்சைக் காரில், அன்றைக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்த அந்த மதுரைப் பெண். அபினவ் டார்ச்சும் கண்ணாடியுமாக ஒவ்வொரு காராக நம்பர் பார்த்துக்கொண்டே வந்து, சிவப்புக் காரின் முன்னால் வந்ததும் தலை குனிந்தார்.

"வந்தது சந்தோசமுங்க. ஆனா..."

"முறைப்படி பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, நான் திரும்பிக்கறேன்," என்றாள் மிருதுளா. "மெதுவாத் தொறங்க."

தேனீக்கள் குடிவந்த நாளிலிருந்து முதன்முறையாக அந்த பானட் திறந்தது. வெயில் சரிந்து உள்ளே விழ, பொன்னிற அடைகள் திரைபோல அடுக்கடுக்காகத் தொங்கின. வாசம் எழுந்து பாக்குத்தோப்பு வரை போயிற்று. முதல் அடையை மூடியிருந்த தேனீக்கள், யாரோ சொன்னதுபோல, இரண்டு பக்கமும் மெல்ல ஒதுங்கின. அடையின் நடுவில் மெழுகு மேடுகட்டியிருந்தது. அபினவ் டார்ச்சை அடித்தார். ஒரு எண். அதன் பக்கத்தில் இன்னொரு எண். அறை அறையாக, மெழுகில், பொறுமையாக எழுப்பிய எண்கள்.

அவர் ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார். குனிந்து சேஸிஸில் இருந்ததைப் படித்தார். நிமிர்ந்து மறுபடியும் மெழுகைப் படித்தார். மற்ற கார்க்காரர்கள் வந்து சுற்றி நின்றார்கள். அபினவ் டார்ச்சை அணைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் நகர்ந்து, தன் ஷூவைக் கழற்றினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் கழற்றினார்கள்.

"நம்பர் சேருதுங்க," என்றார்.

மிருதுளா வரிசையில் கடைசி இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கார்கள் உறுமிக் கிளம்பின. அவற்றின் பின்னால் அந்த முனகல் ஏறியது, முதல் வளைவு, இரண்டாம் வளைவு என்று, மலை தன் பங்குக்குப் பாறையில் வாங்கித் திருப்பிக் கொடுக்க, தஸ்தகீர் பூவை அள்ளி அள்ளி முன்னால் வீச, அவள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஓட்டினாள். பாதி மலையில் ஒரு வளைவு திரும்பியதும் காற்றில் ஒரு மணம் வந்து மோதியது. முந்தின வாரம் பெய்த மழைக்குக் காப்பித் தோட்டம் மொத்தமும் ஒரே நாளில் பூத்திருந்தது. சரிவு முழுக்க வெள்ளை. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை, பள்ளத்தாக்கு கண்ணுக்கெட்டும் வரை வெள்ளை.

முனகல் நின்றது. கம்பி இடுக்கு வழியே தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தள்ளுமுள்ளு இல்லாமல், வந்த அன்றைக்குப் போலவே வெளியேறி அந்த வெள்ளைக்குள் போய்விட்டன. கார் வளைவில் அப்படியே நின்றது.

மிருதுளா பானட்டில் கை வைத்துப் பார்த்தாள். தகடு குளிர்ந்திருந்தது. இத்தனை பூ, இத்தனை மரப்பொந்து. தகரப் பெட்டிக்கு அவை ஏன் திரும்பி வரவேண்டும்? தேனீக்காக மலையை விட்டாள். மலையில் வந்து தேனீயை விட்டாள். தஸ்தகீர் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான்.

முன்னே போன கார்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் தங்கள் என்ஜின் சத்தத்தை விட்டுவிட்டுப் பின்னால் வந்த அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார்கள் போல. அது நின்றதும் அவர்களுக்கும் மேலே போகக் கால் வரவில்லை. என்ஜின்களை அணைத்துவிட்டு இறங்கி நடந்து வந்து, ரோட்டோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் போகலாம் என்று சொல்லவில்லை. ஊட்டி பஸ்கள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயின. ஒரு பஸ் ஜன்னலிலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள். மிருதுளா தன்னையறியாமல் கையை உயர்த்திக் காட்டினாள், பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

பொழுது சாயத் தொடங்கியபோது, மதுரைப் பெண் எழுந்து போய், தன் பச்சைக் காரின் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல வந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வெண்ணெய் நிறக் காரின் பானட் திறந்தது. பிறகு கத்தரிப்பூ நிறம். நம்பர் சேர்ந்த, திருகாணி திருகாணியாகத் துடைத்து வைத்த அத்தனை என்ஜின்களும் அந்தி வெயிலில் வாய் பிளந்து காத்திருந்தன. கடைசியாக அபினவும், யாரையும் பார்க்காமல், தன் வெளிர்நீலக் காரின் பானட்டைத் தூக்கி நிறுத்தினார். சிவப்புக் கார் மட்டும்தான் மூடியிருந்தது. அதைத் திறக்க மிருதுளாவுக்கு மனசு வரவில்லை.

வெள்ளைச் சரிவிலிருந்து அவை எழுந்தன. ரோட்டுக்கு மேலே வந்து, முதல் காரிலிருந்து தொடங்கி, திறந்த ஒவ்வொரு பானட்டின் மேலும் கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் நின்று, மேலே எழும்பி, அடுத்ததற்குப் போயின. வெளிர்நீலக் காரின் மேல் சற்றுக் கூடுதலாகவே நின்றன. அபினவ் கைகட்டி நின்றார். பிறகு சிவப்புக் காரிடம் வந்து, கம்பி இடுக்கு வழியே, ஒன்றன்பின் ஒன்றாக, காப்பிப்பூ மணத்தோடு உள்ளே போயின. மிருதுளா பானட்டில் கன்னத்தை வைத்தாள். வெதுவெதுப்பு திரும்பிக்கொண்டிருந்தது.

இருட்டிவிட்டால் அந்தக் கார் நகராது. அது நகராமல் மற்றவர்களும் நகரவில்லை. அந்த வருஷம் சங்கத்தில் ஒருவரும் மலையுச்சியைத் தொடவில்லை. வளைவில் போர்வை விரித்துப் படுக்கத் தயாரானபோது, பனி இறங்குவதைப் பார்த்து மற்றவர்கள் பானட்டுகளை மூடினார்கள். வெளிர்நீலக் காருடையது மட்டும் திறந்திருந்தது.

"அண்ணா, உங்களதையும் மூடிரட்டுமா?" என்று கேட்டான் தஸ்தகீர்.

"வேண்டாமுங்க," என்றார் அபினவ். "கொஞ்ச நேரம் தொறந்தே இருக்கட்டும்."